வேலையின்மை விகிதம் 6.1 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாகக் குறைந்திருப்பது இந்தியப் பொருளாதாரம் வலுப்பெற்றுவிட்டதைக் காட்டுகிறதா?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது என்பதே என் பதில். கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர் என்று தோன்றுகிறது. அப்படியானால் பாடநூல் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேலை தேடிச் சலித்தவர்கள் தேடுவதையே நிறுத்திவிட்டால் கணக்கிலிருந்து விலகிவிடுவார்கள், அதனாலும் விகிதம் குறையும் என்று அதில் எழுதியிருக்கும். அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் இந்தியாவில் 2017-18க்கும் 2023-24க்கும் இடையில் நடந்தது அதுவன்று. வேலையின்மை குறைந்த அதே ஆண்டுகளில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்வோராகவோ தேடுவோராகவோ பதிவானவர்களின் பங்கு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்தது. கோடிக்கணக்கான பெண்கள் கணக்குக்குள் வந்திருக்கிறார்கள். அவர்கள் எந்த வேலைக்கு வந்தார்கள் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கணிதத்தில் முதுநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவள். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 2020 ஊரடங்கில் முதலில் பாதிச் சம்பளம் என்றார்கள், பிறகு அதுவும் நின்றது. பள்ளி மீண்டும் திறந்தபோது, எங்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் புதியவர்களை எடுத்துக்கொண்டார்கள். பணியில் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட மூலச் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. 

அதன்பிறகு கணவரின் மளிகைக் கடையில் உட்காரத் தொடங்கினேன். விடியற்காலையில் மாடுகளுக்குத் தீவனம் வைத்து, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து கடையைத் திறப்பேன். அவர் சரக்கெடுக்கச் சேலம் போகும் நாட்களில் இரவு வரை கல்லாவில் நான்தான்.

இந்த வேலையின்மை விகிதத்தைத் தரும் ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் (PLFS) 2022-23இல் தேர்வான வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. டேப்லெட்டுடன் வந்த கள அலுவலர் பொறுமையாகவும் மரியாதையாகவும் கேட்டார். "என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?" என்றார். "வேலை போயிருச்சுங்க சார், வீட்லதான் இருக்கேன்" என்றேன். "அப்ப கடையை யாரு பார்த்துக்கறாங்க? மாடு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அதுக்குச் சம்பளம்னு ஏதாவது?" என்று அவர் கேட்டபோது, உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்: "சொந்தக் கடைக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"

அவர் பதிந்த குறியீடு 21. பிறகு அந்தக் கணக்கெடுப்பின் கையேட்டை இணையத்தில் எடுத்துப் படித்தேன். மாதச் சம்பளத்தில் இருப்பவருக்கு 31, வேலை தேடுபவருக்கு 81, வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவருக்கு 21. ஆண்டின் பெரும்பகுதி எதில் கழிந்ததோ அதுவே முதன்மை நிலை என்பது விதி. ஆகவே பள்ளிகளுக்கு நான் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே இருந்தது அந்த நிலையை மாற்றாது. நாட்டின் கணக்கில் நான் வேலையிழந்தவள் அல்லள், 31-இலிருந்து 21-க்குச் சென்றவள். இரண்டுமே வேலையில் இருப்போர் என்ற ஒரே கூட்டலில்தான் சேரும்.

இது என் ஒருத்தியின் கதை, இதை வைத்து நாட்டை அளக்கக்கூடாது என்று சிலர் எழுதுவார்கள். நியாயமான மறுப்பு, அதனால் நாட்டின் எண்களையே பார்ப்போம். வேலையில் இருப்போரில் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோரின் பங்கு 2017-18இல் 13.6 சதவீதம், 2022-23இல் 18.3 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைதான். இவர்களையும் சேர்த்துச் சுயதொழிலில் இருப்போர் 52.2 சதவீதத்திலிருந்து 2023-24இல் 58.4 சதவீதமாக உயர்ந்தார்கள். மாதச் சம்பளக்காரர்களோ 22.8 சதவீதத்திலிருந்து 21.7 சதவீதமாகக் குறைந்தார்கள். இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேளாண்மை. வளரும் நாட்டில் மக்கள் நிலத்திலிருந்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நகர்வார்கள். இந்தியாவிலும் பல பத்தாண்டுகளாக மெதுவாகவேனும் அதுதான் நடந்துவந்தது. 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்த வேளாண்மையின் பங்கு, பெருந்தொற்றில் நகரங்களை விட்டு மக்கள் ஊர் திரும்பியபோது ஏறியது. அந்த அவசரம் தீர்ந்து, மொத்த உற்பத்தி வேகமாக வளர்ந்த பிறகும், 2023-24இல் அது 46.1 சதவீதமாகவே நின்றது. ஒரே தோட்டத்தில் இருவர் செய்த வேலையை மூவர் பகிர்ந்து செய்தால் விளைச்சல் கூடாது. ஆனால் மூவரும் வேலையில் இருப்பதாகவே பதிவாகும்.

நான் எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை, கணக்கெடுப்பில் பொய் இருப்பதாகவும் சொல்லவில்லை. அவர்கள் விதிப்படிதான் எண்ணுகிறார்கள். முன்பு வீட்டு வேலை என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் உழைப்பு இன்று பொருளாதார நடவடிக்கையாகப் பதிவாவதை நான் வரவேற்கவே செய்கிறேன். கூலி வேலை செய்வோரின் பங்கு 24.9 சதவீதத்திலிருந்து 19.8 சதவீதமாகக் குறைந்ததையும், சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்கள் பெருகியிருப்பதையும் மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவரையும் வேலையில் இருப்பவர் என்று கொள்ளும் அளவுகோல் உலகம் முழுவதும் உள்ளதுதானே என்றும் கேட்பார்கள். உள்ளதுதான். ஆனால் வேலையிழந்தவருக்கு உதவித்தொகை தரும் நாட்டில், தகுந்த வேலை கிடைக்கும்வரை ஒருவர் காத்திருக்க முடியும். இங்கே பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது. வசதியில்லாதவர் கிடைத்ததைச் செய்துதான் ஆகவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை மிகக் குறைவாகவும் பட்டதாரிகளிடையே பல மடங்கு அதிகமாகவும் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே இந்த விகிதம் குறையும்போது, நல்ல வேலைகள் பெருகியிருக்கவும் கூடும், காத்திருக்க முடியாதவர்கள் பெருகியிருக்கவும் கூடும். எது நடந்தது என்பதைச் சம்பள வேலையின் பங்கையும் வேளாண்மையின் பங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தேர்வில் எழுதப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 3.2 என்பது கடந்த 365 நாட்களை வைத்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம். ஏப்ரல் 2025க்கான எண்ணில் தொடங்கி மாதந்தோறும் வெளியாகும் எண் கடந்த ஏழு நாட்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. முதல் மாதத்திலேயே அது 5.1 சதவீதமாக இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து வேலையின்மை ஏறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.