25 வயசு தாண்டியும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறீங்களா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

29 வயசுல இளநிலை உதவியாளரா சேர்ந்தவ நான். இப்போ தாலுகா ஆபீஸ்.

அக்கா, பி.இ. முடிச்சு அஞ்சு வருஷமாச்சு, வயசு 26. கூடப் படிச்சவன் ஐடியில சேர்ந்து கார் வாங்கிட்டான். நான் இன்னும் குரூப் 4க்காக ஆறாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தோட உட்கார்ந்திருக்கேன். விசேஷ வீட்டுக்கே போறதில்ல.

நானும் சித்தி பொண்ணு வளைகாப்புக்குத் தலைவலின்னு சொல்லிட்டுப் போகாம இருந்தவதான் தம்பி. ஆனா ஒரு கணக்கைப் பாருங்க. 2019 செப்டம்பர் 1 குரூப் 4 எழுதினேன், போச்சு. அடுத்த குரூப் 4 நடந்ததே 2022 ஜூலை 24. ரிசல்ட் 2023 மார்ச்சுல. தோத்தது ஒரே தடவை, போனது மூணரை வருஷம். ஐடி பையனுக்கு வருஷா வருஷம் இன்கிரிமென்ட். நமக்குத் தேர்வு வந்தாதான் வருஷமே நகரும். ரெண்டையும் ஒரே காலண்டர்ல வச்சுப் பார்த்தா பைத்தியம்தான் பிடிக்கும்.

ஆனா உங்களுக்கு அந்தச் சாக்கு பாதிதான் செல்லும். 2024 ஜூன்ல ஒண்ணு, 2025 ஜூலைல ஒண்ணு நடந்திருக்கு. ரெண்டுலயும் தமிழ் நூறுக்கு எத்தனை சரின்னு எழுதுங்க, மேல பேசலாம்.

வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்க. ரிசல்ட் வரட்டும்னு சொல்லவா?

வேண்டாம்மா. ரிசல்ட் எப்போ வரும்னு நமக்கே தெரியாது. தேர்வுத் தேதியைச் சொல்லுங்க, அதுவரைக்கும் பேச்செடுக்க மாட்டாங்க.

குரூப் 1க்கு வயசு தாண்டிடுச்சா? 33, பிசி.

இல்ல, எழுதலாம். அறிவிக்கை வர்ற வருஷம் ஜூலை 1 அன்னைக்கு 39 முடிஞ்சிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அறிவிக்கையைப் படிங்க.

தெரிஞ்சவர் ஒருத்தர் பணம் கொடுத்தா போஸ்டிங்னு…

குரூப் 4க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. அவர் யார்கிட்ட பேசி வாங்கித் தருவாராம்? கொடுக்காதீங்க.

வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கலாமா?

போங்க. நான் மதியம் வரைக்கும் ஜெராக்ஸ் கடை. கைச்செலவுக்கு அப்பாகிட்ட நிக்காததே பாதித் தெம்பு.

தப்பான வழி காட்டாதீங்க அக்கா. முழுநேரமா படிக்கிறவனே கட்-ஆஃப் தாண்டலை.

முழுநேரம்னா எத்தனை மணி நேரம் தம்பி? நூலகத்துல பை வச்சு இடம் பிடிச்சுட்டு டீக்கடையில நின்னதையும் சேர்த்தா?

நான் செல்போன் கடை, காலை பத்துல இருந்து ராத்திரி பத்து. நீங்க சொன்ன அரை நாள் வேலை எங்க ஊர்ல கிடையாது. வீட்டுக்கு வந்தா கண்ணைச் சொக்குது.

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து படின்னு சொல்ல எனக்கு வாய் வராது. முழுநேரத் தம்பியைக் கிண்டல் பண்ணதையும் வாபஸ் வாங்கிக்கிறேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச வகுப்பு இருக்கு. லீவு நாள்ல ஒரு எட்டு போய் நேரம் ஒத்துவருமான்னு விசாரிங்க.

வயசு 24. நான் பின்தங்கிட்டேனா?

மேல இருக்கிற முதல் பதிலைப் படிங்க. இதே கேள்வி மூணாவது தடவை.

எனக்கும் ஒருத்தர் போஸ்டிங் வாங்கித் தரேன்னு…

கொடுக்காதீங்கன்னு சொன்னேன்ல! நாளைக்கு ஆபீஸ்ல ஜமாபந்தி, வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை. நான் தூங்கணும்.