ஆங்கிலத்தில் ‘லை’, ‘லே’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்கே எது வரும்?

டாக்டர் ‘லை டவுன்’ என்கிறார், ஆங்கிலப் படங்களில் ‘லே டவுன்’ என்று காதில் விழுகிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ‘படுத்துக்கொள்’ என்பதற்கு ‘லை டவுன்’தான் சரி. அமெரிக்கப் பேச்சில் ‘லே டவுன்’ சர்வ சாதாரணம். ஆனால் பரீட்சையிலோ அலுவலகக் கடிதத்திலோ எழுதினால் தவறு.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள்: திருந்து–திருத்து, உருள்–உருட்டு, கிட–கிடத்து. அதே உறவுதான் இங்கேயும். லை என்றால் கிட, படு. லே என்றால் கிடத்து. அதாவது ஒன்றை வைப்பது, போடுவது, விரிப்பது. இது வெறும் ஒப்புமை இல்லை. பழைய ஆங்கிலத்திலும் தன்வினையிலிருந்து உயிரொலியை மாற்றித்தான் பிறவினை வந்தது. சிட்–செட், ஃபால்–ஃபெல் (விழு–வீழ்த்து, மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் ஃபெல்தான்) எல்லாம் அப்படி மிஞ்சிய ஜோடிகள். ரைஸ்–ரெய்ஸ் ஜோடியில் மட்டும் ரெய்ஸ் ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்து சேர்ந்தது.

ஆகவே வாக்கியத்தைப் பார்த்து ‘எதை?’ என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் லே, கிடைக்காவிட்டால் லை. தமிழில் ‘ஐ’ உருபு இருக்கிறதா என்று தேடாதீர்கள். அஃறிணைக்கு அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். ‘கோழி முட்டை இட்டது’ என்பதில் உருபு இல்லை, ஆனால் எதை இட்டது என்று கேட்டால் முட்டை வருகிறது. அதனால் ‘த ஹென் லெய்ட் என் எக்’. சாலை போடுவது, கேபிள் பதிப்பது, அடிக்கல் நாட்டுவது எல்லாமே லே. ஓர் ஊர் எங்கே இருக்கிறது, தப்பு யார் பேரில் என்று சொல்வதற்கு லை: ‘மதுரை லைஸ் சவுத் ஆஃப் திருச்சி’.

இதுவரை சுலபம். ஆளைக் கவிழ்ப்பது இறந்தகாலம். லை என்பதன் இறந்தகாலம் ‘லே’! எழுத்தும் அதேதான், உச்சரிப்பும் அதேதான். லை – லே – லெய்ன் என்பது ஒரு வரிசை. லே – லெய்ட் – லெய்ட் என்பது மற்றொன்று. ‘நேற்று மத்தியானம் படுத்தேன்’ என்பதற்கு ‘ஐ லே டவுன்’ என்பதே சரி, ‘லெய்ட் டவுன்’ இல்லை. போதாக்குறைக்கு, லெய்ட் என்பதன் கடைசி ‘ட்’டும் டவுனின் முதல் ‘ட’வும் வேகமாகப் பேசும்போது ஒன்றாகிவிடுவதால் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். கேட்டுப் பழகுவதால் மட்டும் இது சரியாகாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டும் ஒரே செய்தியில் வருகிற இடத்தைப் பார்த்தால் மறக்காது. 2018 ஆகஸ்டில் கருணாநிதியின் உடல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தது. தலைவர்கள் வந்து மலர்வளையம் வைத்தார்கள். ஆங்கிலத்தில் முதலாவது, ‘த பாடி லே இன் ஸ்டேட்’. உடல் கிடந்தது, ஆக இது லை என்பதன் இறந்தகாலம். இரண்டாவது, ‘தே லெய்ட் ரீத்ஸ்’. எதை வைத்தார்கள்? மலர்வளையங்களை. இங்கே இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே பிழை.

செயப்பாட்டு வினையில் ‘எதை?’ சோதனை வேலை செய்யாது, ஏனென்றால் செயப்படுபொருளே எழுவாயாக முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். ‘அடிக்கல் நாட்டப்பட்டது’ என்பது ‘வாஸ் லெய்ட்’. இதை ‘வாஸ் லெய்ன்’ என்று எழுதுவது பரீட்சைத் தாள்களுக்கே உரிய பிழை. லை தன்வினை, அதற்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது.

எழுத்துக்கூட்டலில் இரண்டு இடம் கவனியுங்கள். லெய்ட் என்பது எல்-ஏ-ஐ-டி. லே என்பதோடு ஈ-டி ஒட்டக் கூடாது. லையிங் எழுதும்போது ஐ-ஈ போய் ஒய் வரும்: எல்-ஒய்-ஐ-என்-ஜி. பொய் சொல்வதற்கான லை தனிச் சொல். அதன் இறந்தகாலம் ‘லைட்’, எல்-ஐ-ஈ-டி.

நம் ஊர் ஆங்கிலத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. மேசைமேல் சாவி கிடந்தால் ‘த கீ இஸ் கெப்ட் ஆன் த டேபிள்’ என்போம். ‘வைத்திருக்கிறது’ என்பதன் நேர் பெயர்ப்பு அது. வெளிநாட்டவர் காதில், சாவிக்கு நிரந்தர இடமே அந்த மேசைதான் என்று படும். ‘இஸ் லையிங் ஆன் த டேபிள்’ அல்லது வெறும் ‘இஸ் ஆன் த டேபிள்’ போதும். ‘ரொம்ப நாளாகக் கிடக்கிறது’ என்றால் ‘ஹேஸ் லெய்ன்’ என்று தடுமாறவும் வேண்டாம். ‘ஹேஸ் பீன் லையிங் தேர்’ என்றுதான் ஆங்கிலேயரும் பேச்சில் சொல்கிறார்கள்.