உடல் எடை கூடினால் புற்றுநோய் வருமா?
கடலூர் முதுநகரில் வசிக்கும் உங்கள் தாயாருக்கு மாதவிடாய் நின்ற பின் எடை கூடியிருப்பதால் புற்றுநோய் வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தே தீரும் என்பதில்லை. வாய்ப்பு கூடுகிறது என்பதே சரி. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் பெருங்குடல், சிறுநீரகம், கணையம் உள்ளிட்ட 13 இடங்களில் வரும் புற்றுநோய்களை மிகைக் கொழுப்போடு தொடர்புபடுத்தியது. அவற்றுள் தொடர்பு மிக வலுவாக இருப்பது கருப்பை உட்சுவரில்தான்.

கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று நாம் நினைப்பதுதான் பிழை. சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைத் தொடர்ந்து உருவாக்குவதால், அதைச் சமன்செய்யும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இல்லாத நிலையில் கருப்பை உட்சுவரின் செல்கள் ஓயாமல் பெருகத் தூண்டப்படுகின்றன. மார்பகத்துக்கும் இந்த ஈஸ்ட்ரோஜன் நல்லதல்ல. இன்சுலின் மிகுதியும் நாட்பட்ட அழற்சியும் இதற்குத் துணைபோகின்றன.

எடைக்கருவியை மட்டும் நம்ப வேண்டாம். நம்மவர்க்குக் கொழுப்பு வயிற்றில்தான் அதிகம் சேர்வதால், பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. வயிற்றுச் சுற்றளவைத் தாண்டினாலே கவனம் தேவை. மாலையில் சில்வர் பீச்சில் நடப்பது நல்லது (நடந்து முடித்ததும் பஜ்ஜிக் கடையில் நிற்காதவரை). மாதவிடாய் நின்ற பின் சிறிது இரத்தக் கசிவு தெரிந்தாலும், எடை குறையட்டும் என்று காத்திராமல், மகப்பேறு மருத்துவரிடமோ புதுச்சேரி ஜிப்மரிலோ உடனே காட்டுங்கள்.