கடல்நீர்த் தொட்டியில் பிஎச் 7.8-ஐத் தாண்டவில்லை, பஃபர் போட்டால் ஆல்கலினிட்டி மட்டும் ஏறி 12 டிகேஎச் ஆகிவிட்டது. இன்னும் போடலாமா?

போடாதீர்கள். பஃபர் என்பது ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறனை, ஏற்றும் மருந்து. அந்தத் திறனை அளக்கும் அலகுதான் டிகேஎச். உங்கள் தண்ணீரில் ஆல்கலினிட்டிக்குப் பஞ்சமே இல்லை. இயற்கைக் கடலிலேயே அது 7 டிகேஎச் அளவில்தான் இருக்கிறது.

தொட்டி இருக்கும் அறை எப்போதும் சாத்தியே கிடக்கும், ஆள் நடமாட்டமும் அதிகம் என்று நினைக்கிறேன். என் வீட்டிலும் அதே கதைதான். என் தொட்டியைப் பார்த்த ஒவ்வொருவரும் பஃபர் ஊற்றச் சொன்னார்கள். நான் ஊற்றவில்லை. ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், ஏர் பம்ப்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளந்தேன். 7.8 இருந்தது 8.2-க்கு வந்துவிட்டது. தண்ணீரில் குறையில்லை, நாங்கள் மூச்சுவிட்டு அறையில் நிரப்பிய கார்பன் டை ஆக்சைடுதான் கரைந்து பிஎச்சை அமுக்கியிருக்கிறது. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் காற்று இழுக்கும் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். பாட்டில் செலவு இல்லாமல் பிஎச் ஏறியது. ஜன்னலில் ஓட்டை போட்டதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

"ஆல்கலினிட்டி குறைந்தாலும் பிஎச் இறங்குமே" என்று யாராவது கிளம்பி வருவார்கள். இறங்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. கேட்டவருக்கு 12 இருக்கிறது ஐயா, கேள்வியைப் படியுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கால்சியம் கார்பனேட் படிந்து ஹீட்டரும் பம்ப்பும் வெள்ளை பூக்கும், கால்சியமும் இறங்கும். இப்போதிருக்கும் 12-ஐயும் அவசரப்பட்டு இறக்க வேண்டாம். பவளம் இருந்தால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கும். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரவில் பிஎச் இறங்குவது இயல்பு, பாசி ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடுகிறது. அதனால் விடியற்காலை அளவை மட்டும் வைத்துப் பதறாதீர்கள், மாலையிலும் அளந்து பாருங்கள்.

அளக்கும் மருந்தின் தேதியையும் பார்த்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கிய டெஸ்ட் கிட் ஒன்று காலாவதி ஆகி வந்தது எனக்கு. திருப்பி எடுக்கச் சொன்னால், "பெட்டியைத் திறந்துவிட்டீர்களே" என்கிறார்கள். தேதி பாட்டிலில் இருக்கிறது, பாட்டில் பெட்டிக்குள் இருக்கிறது, திறக்காமல் எப்படிப் பார்ப்பது? இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயம். வெளிக்காற்றுக்கு வழியே இல்லையென்றால் ஸ்கிம்மர் இழுக்கும் காற்றை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய குடுவை வழியாக விடலாம். அது தீரத் தீர மாற்ற வேண்டும், செலவு. குழாயை வெளியே விடுவதானால், கொசுப்புகை அடிக்கும் நேரத்தில் மறக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.