சிக்குன்குனியா எப்பிடி இலங்கை வரைக்கும் வந்தது, காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டு எவ்வளவு காலம் நோகும்?

நல்ல கேள்வி, ஏனெண்டா எங்கட உப்புவெளியில கன பேர் இத சும்மா நுளம்புக் காய்ச்சல் எண்டு விட்டுர்ற. முதல்ல 1952ல தன்சானியாப் பக்கம்தான் கண்டது, அங்க மக்கொண்டே மொழியில பேரே வளைஞ்சு போறது எண்டுதான் அர்த்தம், வந்தாக்களுக்குத் தெரியும் அது எவ்வளவு சரியான பேரெண்டு. 2004ல கென்யாவில கிளம்பி, 2005-06ல ரியூனியன் தீவ உலுப்பிட்டு, அங்க வைரஸ்ல சின்ன மாற்றம் ஒண்டு வந்து தோட்டந்துரவில இருக்கிற புலி நுளம்பிலயும் நல்லாப் பெருகத் தொடங்கிட்டுது, பிறகு இந்தியா, 2006 கடைசியில நாங்க. 2013ல கரீபியன் தீவுகளுக்கும் போயிட்டுது. நுளம்பு கனதூரம் பறக்காது, காய்ச்சல்காரன் பிளேன் ஏறினாக் காணும்.

காய்ச்சல் ஒரு கிழமையில விடும், மூட்டு நோவு சிலருக்கு மாசக்கணக்கு, வருசக்கணக்கு, எங்கட அம்மம்மா மாசக்கணக்கா விடிய எழும்பித் தேத்தண்ணிக் கோப்பை தூக்க ஏலாமத் திரிஞ்சவ. சாவு குறைவு, ஆனா வயசாளிகளும் பிறந்த குழந்தையும் கவனம், பிள்ளை பெறுற நேரம் தாய்க்கு வருத்தம் இருந்தா குழந்தைக்கும் தொத்தி மூளையப் பாதிக்கலாம்.

டெங்கு இல்லையெண்டு ரத்தம் பாத்து உறுதியாகும் வரைக்கும் அஸ்பிரின், புரூபன் போடாதீங்க, டெங்கெண்டா ரத்தக்கசிவு வரலாம், பனடோல் மட்டும்.