எந்த மேடையில எழுதறதுங்க? – கேள்வி பதில்

இணையத்தில் எழுத இடம் தேடும் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்கள் கேட்டவை. காசை விட, படிச்சுட்டுப் பேச ஆள் வேணும்ங்கறவங்களுக்கான பதில்கள்.

கோபிசெட்டிபாளையம்: வாத்தியார் வேலையில இருந்து ஓய்வு பெத்துட்டனுங்க. மஞ்சள், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம்னு நாப்பது கட்டுரை கைவசம் இருக்குது. காசு வேண்டாங்க, நாலு பேர் படிச்சுட்டுப் பேசோணும். எங்க போடறது?

பதில்: ஐயா, மேடையைப் பார்க்கறதுக்கு முன்னாடி அங்கே நடக்கற பேச்சைப் பாருங்க. உங்க துறையில, இன்னும் பேர் வாங்காத பத்துப் பேர் போன மாசம் போட்டதைத் திறங்க. கருத்துகளை எண்ண வேண்டாம், படிங்க. "அருமை", "வாழ்த்துகள்", கைதட்டற படம் எல்லாத்தையும் கழிச்சிருங்க. கட்டுரைக்குள்ள இருக்கற ஒரு சங்கதியைத் தொட்டுப் பேசினவங்க எத்தனை பேர்? எழுதினவர் பதில் சொன்னாரா? பத்துல மூணுக்காவது அப்படிப் பேச்சு ஓடியிருந்தா அங்கே ஆள் இருக்குது.

இந்தச் சோதனையில பிரதிலிபி உங்களுக்கு ஒத்து வராது. 2014ல பெங்களூர்ல தொடங்கினது, தமிழ் வாசகர் ஏராளம். ஆனா வர்றவங்க தொடர்கதைக்கு வர்றாங்க. குடும்பக் கதைக்கும் காதல் கதைக்கும் நடுவுல வாய்க்கால் கட்டுரை அமுங்கிப் போகும். வாட்பேட்ல ஒவ்வொரு பத்திக்கும் தனியா கருத்துச் சொல்லலாம், அருமையான வசதி. ஆனா அதுவும் கதைக்கான இடம்.

நீங்க வேர்ட்பிரஸ்ல இலவசத் தளம் ஒண்ணு திறங்க. படிக்கறவங்க எந்தச் செயலியும் ஏத்த வேண்டியதில்லை. திறந்ததும் செட்டிங்ஸ்ல டிஸ்கஷன் பகுதிக்குப் போய் ரெண்டு வேலை பண்ணுங்க. கருத்துச் சொல்ல பேரும் மின்னஞ்சலும் கட்டாயம்னு இருக்கற குறியை எடுங்க. தோட்டத்துல நின்னு கைபேசியில படிக்கறவர் மின்னஞ்சல் கேட்டதும் மூடிட்டுப் போயிருவார். ரெண்டாவது, ஒருத்தரோட முதல் கருத்து மட்டும் உங்க அனுமதிக்கு நிக்கற மாதிரி வைங்க. விளம்பரக் குப்பை அதுலயே பெரும்பாலும் தங்கிரும்.

நாப்பதையும் ஒரே நாள்ல கொட்டிராதீங்க. வாரம் ஒண்ணு, ஒரே கிழமையில. மஞ்சள் வெட்டு தை மாசியில, அந்தக் கட்டுரை அப்ப வரட்டும். நீங்க ஒண்ணு போட்டா, மத்தவங்க எழுதினதுல மூணுக்காவது போய் விரிவா கருத்துச் சொல்லுங்க. மூலப்படி உங்க கணினியில தனியா இருக்கோணும்.

திருப்பூர்: எதுல அக்கா அதிகமா காசு வரும்?

பதில்: இங்கே பேசறது அதைப் பத்தி இல்லீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன்: கூகுள் விளம்பரக் கணக்குல 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் கைக்கு வரும். புதுசா எழுதறவங்க அதை நம்பி இடம் தேட வேண்டாம்.

பொள்ளாச்சி: பழைய கோப்புகளை ஒட்டினா ஆங்கில எழுத்தா வருதுங்க.

பதில்: பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிச்சிருப்பீங்க. அதுல "தமிழ்"ங்கற சொல், எழுத்துருவை எடுத்துட்டா, நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமா நிக்கும். வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெட்டியில என்ன பேர் இருக்குதுன்னு முதல்ல குறிச்சுக்கோங்க. பழைய எழுத்தை இணையத்துல எல்லாருக்கும் தெரியற யூனிகோடா மாத்தற கருவிதான் மாற்றி. பாமினிக்கும், வானவில்ங்கற இன்னொரு பழைய எழுத்துருவுக்கும் மாற்றி வேற வேற. தப்பான மாற்றியில போட்டா இன்னும் கெடும். கோப்புல நடுநடுவே நிசமான ஆங்கிலச் சொல் இருந்தா அதுவும் தமிழ்க் குப்பையா மாறிரும். அந்த இடங்களை முன்கூட்டியே தாள்ல எழுதி வைங்க.

மாத்தினப்புறம் "கொ"வைச் சோதிங்க. சில மாற்றிகள் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியா வைக்கும். கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், ஆனா பல இடங்கள்ல "கொங்கு"ன்னு தேடினா அகப்படாது. "கௌ"வுக்குப் பதிலா ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டிருந்தா அதே கதைதான். மாத்தறதுக்கு முன்னாடி மூலப்படியை நகல் எடுத்துக்கோங்க.

காங்கேயம்: என் கதையில இட்டேரி, பொடக்காளி, ஒரம்பரை எல்லாம் வருதுங்க அக்கா. புரியலைன்னு ஒருத்தர், எழுத்துப்பிழைன்னு ஒருத்தர். மாத்திடட்டுங்களா?

பதில்: மாத்தாத அம்மணி. அந்தச் சொல்லை எங்கே வைக்கறேங்கறதைப் பாரு. "இட்டேரி வழியா வந்தான்"னா வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. "ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவுல ஒத்தை வண்டி போற அகலத்துக்கு இட்டேரி." இப்படி எழுதினா அடைப்புக்குறியே வேண்டாம். ஓர் அத்தியாயத்துக்கு இப்படிப்பட்ட சொல் அஞ்சுக்குள்ள இருக்கட்டும். பேச்சுல மட்டும் வட்டாரமா, கதை சொல்றதுலயுமா, ஒண்ணை முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே பிடி. பொடக்காளின்னு ஒரு இடம், பொடக்காணின்னு ஒரு இடம் போடாத.

சேலம்: குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணுங்க. படிச்சுப் பேச ஆள் வேணும்னு சொல்லிட்டு, வட்டார வழக்குல எழுதினா மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் போயிருவாங்களே?

பதில்: நேர்மாறுங்க. பொதுத் தமிழ்ல "புழக்கடை"ன்னு போட்டா படிச்சுட்டுத் தாண்டிப் போவாங்க. "பொடக்காளி"ன்னு போட்டா, எங்க ஊர்ல கொல்லைன்னு சொல்லுவோம், எங்க பாட்டி வேற மாதிரி சொல்லும்னு வந்து எழுதுவாங்க. கூட்டம் சேர்றது அங்கேதான். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942லயே நம்ம பேச்சை நாவல்ல வெச்சுட்டார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியே தொகுத்திருக்கார். அச்சுல நின்ன மொழி திரையில நிக்காதுங்களா?

ஈரோடு: நிக்கும், ஆனா நட்சத்திரம் குறையுதுங்களே. மூணு போட்டுட்டுப் போயிடறாங்க.

பதில்: போகட்டுங்க. மூணு நட்சத்திரத்தோட நாலு வரி எழுதினவர் உங்க வாசகர். அஞ்சு நட்சத்திரம் போட்டு ஒண்ணும் சொல்லாதவர் அடுத்த அத்தியாயத்துக்கு வருவாரான்னே தெரியாது. சேலத்துக்காரர் சொன்னதுல ஒண்ணு சரி: வட்டாரச் சொல்லை வரிக்கு வரி திணிச்சா நம்ம ஊர்க்காரங்களுக்கே அலுத்துரும். அதுக்குத்தான் அஞ்சுங்கற கணக்கு. இதுக்கு மேல இதைத் தனியா பேசலாம், மத்தவங்க காத்திருக்காங்க.

அவிநாசி: பிளாகர்ல என் கட்டுரை முகவரி பிளாக்-போஸ்ட்_12ன்னு வருது.

பதில்: தமிழ்த் தலைப்பை அது முகவரியாக்காது. வெளியிடறதுக்கு முன்னாடியே வலப்பக்கம் பெர்மாலிங்க்ல ஆங்கில எழுத்துல சின்னதா ஒரு பேர் கொடுங்க. வேர்ட்பிரஸ்ல வேற தொல்லை. அது தமிழையே முகவரியில வைக்கும். ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தா விரியும். "இட்டேரி" கண்ணுக்கு நாலு எழுத்து, புள்ளியும் கொம்பும் சேர்த்துக் கணினிக்கு ஏழு குறி, வாட்ஸ்அப்ல ஒட்டினா 63 எழுத்து நீளம். வேர்ட்பிரஸ் முகவரியை 200 எழுத்துல வெட்டிரும், அதனால நீளத் தலைப்பு பாதியில நிக்கும். இங்கேயும் ஆங்கிலத்துல கொடுங்க.

பல்லடம்: எதுலங்க்கா நல்லா காசு?

பதில்: திருப்பூருக்குச் சொன்னதேதாங்க.

தாராபுரம்: நாவலை கிண்டில்ல போட்டிருக்கேன். பிரதிலிபியிலயும் தொடராப் போடலாமா?

பதில்: மின்புத்தகத்தை அமேசானுக்கு மட்டுமே தர்ற கேடிபி செலக்ட் திட்டத்துல சேர்த்திருந்தா கூடாது. 90 நாளைக்கு மின்வடிவம் வேற எங்கேயும் இருக்கக் கூடாது, பத்துல ஒரு பங்கு வரைக்கும் மாதிரியாத் தரலாம். அது தானாப் புதுப்பிச்சுக்கும், அந்தக் குறியை எடுத்துட்டு 90 நாள் முடியட்டும். வாசகர் பேச்சுதான் வேணும்னா வரிசையை மாத்துங்க: முதல்ல தொடர், கருத்துகளைப் பார்த்துத் திருத்தம், அப்புறம் புத்தகம்.

கரூர்: வாட்ஸ்அப் குழு போதாதுங்களா?

பதில்: நாலு நாள் பேச்சுக்குப் போதும். மேலே போனதை அப்புறம் யாரும் தேடி எடுக்கறதில்லை, குழுவுல இல்லாதவங்களுக்குத் தெரியவும் தெரியாது. குழுவுல முதல் ரெண்டு வரியும் இணைப்பும் மட்டும் போடுங்க. நல்ல பதில் வந்தா, அதைக் கட்டுரைக்கு அடியிலயே போடச் சொல்லுங்க.

உடுமலை: மேடையையே மூடிட்டாங்கன்னா?

பதில்: மூடியிருக்காங்க. யாஹூ குழுமங்கள்ல தமிழ்க் குழுக்கள் நிறைய இருந்துச்சு. 2019 கடைசியில பழைய மடல்களை அழிச்சாங்க, 2020 டிசம்பர்ல முழுசா மூடினாங்க. அதனாலதான் மூலப்படி, மூலப்படின்னு சொல்லிட்டே இருக்கேன்.

வேர்ட்பிரஸ்ல டூல்ஸ், எக்ஸ்போர்ட். கட்டுரையும் கருத்தும் ஒரே கோப்புல வந்துரும், படங்கள் வராது, அதைத் தனியா இறக்கோணும். பிளாகர்ல செட்டிங்ஸ்ல பேக்கப். கட்டுரையை வாசகர் மின்னஞ்சலுக்கே அனுப்பற சப்ஸ்டாக்ல கட்டுரையோட, வாசகர் மின்னஞ்சல் பட்டியலும் கிடைக்கும். வேற இடத்துக்குப் போனாலும் அவங்களை அழைக்கலாம், அதான் அதோட பெரிய பலம். கதைச் செயலிகள்ல நல்ல கருத்துகளை ஸ்கிரீன்ஷாட்டாவாவது எடுத்து வைங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா இறக்குங்க. இறக்கின கோப்பைத் திறந்து, கடைசியாப் போட்ட கட்டுரையும் அதுக்கடியில வந்த கருத்தும் இருக்குதான்னு பார்த்துட்டு மூடுங்க.