வண்டியில நாலாவது ஆள் எதுக்கு?

கேள்வி: சார், என் தம்பி அமெரிக்கால இருக்கான். அவன் ஊர் மேயருக்கும் ஃபயர் சர்வீஸ் யூனியனுக்கும் மாசக்கணக்கா சண்டையாம், பட்ஜெட்ல காசு இல்ல வண்டிக்கு மூணு பேர் போதும்ங்கறாராம் மேயர், நாலு பேர் இல்லாம முடியாதுங்கறாங்களாம் இவங்க. ஒரே ஒரு ஆளுக்காகவா இவ்ளோ சண்டை?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஆமாம்மா, அந்த ஒரு ஆளுக்காகத்தான், அதுல நியாயமும் இருக்கு. வண்டி வந்து நின்னதும் டிரைவர் பம்ப்பை விட்டு நகர முடியாது, ஆஃபீசர் வீட்டைச் சுத்திப் பார்த்து உள்ள யார் மாட்டியிருக்காங்க எந்தப் பக்கம் நுழையறதுன்னு முடிவு பண்ணணும், அப்போ ஹோஸை இழுத்துக்கிட்டு புகைக்குள்ள போக மிச்சம் ஒரே ஆள்தான். 1998லேர்ந்து அங்க ஒரு ரூல் இருக்கு, எரியற கட்டடத்துக்குள்ள ரெண்டு பேர் போனா அவங்களைக் காப்பாத்த வெளியில ரெண்டு பேர் ரெடியா நிக்கணும். உள்ள உயிர் மாட்டியிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் விதிவிலக்கு. அதனால மூணு பேரோட வர்ற வண்டி, அடுத்த வண்டி வர்ற வரைக்கும் வெளியிலயே நிக்க வேண்டி வரும். 2010ல நிஸ்ட்ங்கற அந்த நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் இதுக்குன்னே ஒரு வீட்டைக் கட்டி தீ வச்சு டெஸ்ட் பண்ணாங்க, 22 வேலைகளை நாலு பேர் டீம் முடிச்சது மூணு பேர் டீமை விட சுமார் 5 நிமிஷம் முன்னாடி. சோபா, மெத்தை எல்லாம் ஃபோமா இருக்கற இந்தக் காலத்துல 5 நிமிஷத்துல ஒரு ரூம் முழுக்க பத்திக்கிடும்.

மேயர் பக்கமும் கஷ்டம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. பல ஊர்ல பட்ஜெட்ல பெரிய பங்கு போலீஸுக்கும் ஃபயருக்கும்தான் போகுது, வண்டிக்கு இத்தனை பேர்னு ஒப்பந்தத்துல எழுதியாச்சுன்னா ஒருத்தர் லீவு போட்டாலும் இன்னொருத்தருக்கு ஓவர்டைம் குடுத்து உக்கார வைக்கணும். 2008ல கலிபோர்னியால வல்லேஹோன்னு ஒரு ஊரே திவால் மனு போட்டுது, இந்த ஒப்பந்தச் செலவு அதுக்கு ஒரு முக்கியக் காரணம். ஆனா காசைக் குறைக்கணும்னா ஏன் எப்பவும் ஃபயர் சர்வீஸ் மேலயே கை வைக்கறாங்க? 2003ல நியூயார்க்ல ஆறு ஸ்டேஷனை மூடினாங்க, 2010ல பிலடெல்பியால ஸ்டேஷன்களை முறை வச்சு மூடினாங்க. தீப்பிடிக்காத நாள்ல இந்த வெட்டு யார் கண்ணுக்கும் தெரியாது, அதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: நம்ம சென்னைல இப்படி ஒரு சண்டை ஏன் வர்றதே இல்ல?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முதல் விஷயம், இங்க தீயணைப்பு கார்ப்பரேஷன் கையில இல்ல, மாநில அரசோட துறை, தலைமை ஆஃபீஸ் எழும்பூர்ல. மும்பைல மாநகராட்சியே நடத்துது. அரசியலமைப்போட 12வது அட்டவணையில நகராட்சிகளுக்குக் குடுக்கலாம்னு இருக்கற வேலைகள்ல தீயணைப்பும் ஒண்ணு, நம்ம ஊர்ல குடுக்கல, அதனால ரிப்பன் பில்டிங் பட்ஜெட்ல இந்தப் பேச்சே எழாது. ரெண்டாவது, 1973 நடத்தை விதிப்படி அரசு ஊழியர் ஸ்ட்ரைக் பண்ணக் கூடாது. 2003 ஜூலைல ஸ்ட்ரைக் பண்ண அரசு ஊழியர், ஆசிரியர்னு சுமார் 1.7 லட்சம் பேரை வேலையை விட்டே தூக்கினாங்க, வழக்கு சுப்ரீம் கோர்ட் போச்சு, பெரும்பாலானவங்களைத் திரும்ப எடுத்தாலும் ஸ்ட்ரைக் உங்க அடிப்படை உரிமை இல்லேன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அமெரிக்காலயும் பல மாநிலத்துல ஃபயர்மேன் ஸ்ட்ரைக் பண்ண முடியாது, ஆனா அதுக்குப் பதிலா பேச்சுவார்த்தை முறிஞ்சா நடுவர் தீர்ப்புன்னு ஒரு வழி நிறைய இடத்துல இருக்கு, வண்டிக்கு எத்தனை பேர்ங்கறதை மேஜைல வச்சுப் பேசலாம். இங்க அதைப் பேச மேஜையே இல்ல, எனக்கு ஆத்திரம் அதுலதான்.

2017ல தி.நகர் சென்னை சில்க்ஸ் ஒரு நாளுக்கு மேல எரிஞ்சதை ஊரே டிவில பார்த்துச்சு, அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள கொடுங்கையூர் பேக்கரி தீயில சிலிண்டர் வெடிச்சு அணைக்கப் போன தீயணைப்பு வீரரே செத்துப்போனார். அந்த வேலை பாக்கறவங்களுக்கு வண்டில எத்தனை பேர் வேணும்னு வாய் திறந்து கேக்க ஒரு இடம் வேணுமா இல்லையா?

கேள்வி: எங்க ஏரியா ஸ்டேஷன்ல எத்தனை ஆள் இருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?
– வாசகி, கொளத்தூர்

பதில்: ஆர்டிஐ போடுங்க. வெள்ளைப் பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எழும்பூர் தலைமை அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. அனுமதிச்ச பணியிடம் எத்தனை, காலி எத்தனை, ஒரு ஷிஃப்ட்ல வண்டிக்கு எத்தனை பேர்னு தனித்தனியா கேளுங்க, மொத்தமா கேட்டா பதிலும் மொத்தமாத்தான் வரும். 30 நாளுக்குள்ள பதில் தரணும். வந்ததும் எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.